கூழுக்குள் பாடிய லண்டன்

லண்டனில் இருந்த லக்ஷனை அரியாலையில் ஒரு கூழ்ப்பானைக்குள் விழுத்தியவன் நான்தான். முழு ஆளையும் அல்ல, தொலைபேசித் திரையில் தெரிந்த அளவை மட்டும். ஆனால் அவருடைய மனைவி கீர்த்திகா போட்ட சத்தத்தைக் கேட்டிருந்தால், ஆளே முழுசாக விழுந்து வெந்துவிட்டார் என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

மாலை நேரம். கீர்த்திகாவின் குசினியில், அடுப்போடு ஒட்டிய மேசையில், ஜாம் போத்தலொன்றில் தொலைபேசியைச் சாய்த்து வைத்து, அவர் கணவரோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தார். கமராவின் கண்ணில் படாமல் நானும் ரீச்சரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றோம். ஒட்டுக்கேட்பது எங்கள் தொழில். யாழ்ப்பாணத்தில் எல்லோரும் இதை இலவசமாகச் செய்கிறார்கள். நாங்கள் பெயர்ப்பலகை மாட்டிச் செய்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ரீச்சர் என்றால் உதயகலா. பல வருடம் கணிதம் படிப்பித்தவர். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளின் பொய்களைக் கேட்டுக் கேட்டு, அவருடைய காது ஒரு கருவியாகவே மாறிவிட்டது. வேலையை விட்டபின், நகரில் ஒரு தையல்கடையின் மேல்மாடியில் ‘உதயம் விசாரணை நிலையம்’ தொடங்கினார். பெரும்பாலும் வெளிநாட்டு மாப்பிள்ளைகளைப் பற்றிய விசாரணை. மாப்பிள்ளை சொன்ன வேலை பார்க்கிறாரா, சொன்ன வயதுதானா, தலைமயிர் சொந்தமா, இப்படி. நான் குருநகர் கிறிஸ்துநாயகம். பெயரில் நாயகம். வேலையில் உதவியாளன்.

கூழில் இருந்த நண்டுதான் எல்லாவற்றுக்கும் காரணம். பனங்கிழங்கு ஒடியல் மாவும் பலாக்கொட்டையும் முருங்கையிலையும் கொதிக்க, நடுவில் ஒரு நண்டுக்கால் மேலே வந்து என்னைப் பார்த்துக் கையசைத்தது. நான் மெதுவாகக் கையை நீட்டினேன். முழங்கை ஜாம் போத்தலில் பட்டது. ‘இஞ்சை சரியான குளிர்’ என்று சொல்லிக்கொண்டிருந்த லக்ஷன், சொன்ன வாய் மூடாமல் கூழுக்குள் இறங்கினார்.

“ஐயோ! என்ரை மனுசன்!” என்றார் கீர்த்திகா.

நான் அகப்பையைத் தேடினேன். பானைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “ஹலோ? ஹலோ? இருட்டாக் கிடக்கு. உங்கை கரண்ட் போயிட்டுதோ?”

அதற்குப் பின்னால், கூழ் கொதிக்கும் சத்தத்தோடு சேர்ந்து, ஒரு மெட்டுக் கேட்டது. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த மெட்டு. பேக்கரியிலிருந்து பாணும் பணிசும் ஏற்றிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக வரும் ஓட்டோவில், காலையும் மாலையும் போடுகிற அந்த வெள்ளைக்கார மெட்டு.

“பாண்காரன் வாறான்,” என்று பழக்கதோஷத்தில் யன்னலுக்குப் போனார் கீர்த்திகா. எட்டிப் பார்த்தார். ஒழுங்கையில் ஓட்டோ இல்லை. ஒரு ஆடு மட்டும் நின்று வேலியைத் தின்றுகொண்டிருந்தது. மெட்டோ பானைக்குள்ளிருந்துதான் வந்தது. நன்றாக ஏறி, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் வயிற்றுவலிக்காரனைப்போல இழுத்தது. பிறகு ஒரு குமிழி. அதோடு லண்டன் அணைந்தது.

“லண்டனிலை பாண் ஓட்டோ ஓடுதோ?” என்றார் ரீச்சர்.

நிலைமையைச் சமாளிக்க நான் அறிவைக் காட்டினேன். “ரீச்சர், அங்கை ஐஸ்கிரீம் வானும் பாட்டுப் போட்டுக்கொண்டுதான் வருமாம்.”

“மாசி மாசத்துக் குளிருக்கை ஆர் ஐஸ்கிரீம் வாங்குறது?”

“வெள்ளைக்காரர் ஒரு மாதிரித்தானே…”

“நாயகம், நீர் அந்த நண்டைச் சாப்பிடும். வாய்க்கு வேலை இருக்கும்.”

கீர்த்திகா தொலைபேசியைக் கழுவி அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கூழிலிருந்து அரிசிக்கு, லக்ஷனுக்கு அன்று நல்ல சாப்பாடு. ஆனால் கீர்த்திகாவின் முகத்தைப் பார்த்தபின் எனக்குப் பகிடி வரவில்லை.

“நான் சொன்னனான்தானே ரீச்சர்,” என்றார். “மழை தொடங்கினதிலிருந்து ஆள் ஒரு மாதிரி. பின்னாலை எப்பவும் ஒரே சாம்பல் போர்வை. ‘அறையைக் காட்டுங்கோ’ எண்டால் காட்டமாட்டார். குளிருது எண்டு கோட்டுப் போட்டிருப்பர், மீசையிலை வேர்வை வடியும். கேட்டால் ஹீற்றர் கூடிப்போச்சாம். வேறை ஆரோ இருக்கினம். எனக்குத் தெரியும்.”

லக்ஷன் லண்டனில் செல்வரட்ணம் என்ற எங்கடை ஆள் ஒருவரின் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறார். விசா அந்த ஒரு முதலாளியின் பெயரோடு கட்டியது. அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம். அவர் கைவிட்டால் நாட்டைவிட்டு வர வேண்டியதுதான். இதெல்லாம் கீர்த்திகா முதல்நாளே சொன்னவை. இப்போது இன்னொன்றும் சொன்னார். கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணா, உவனை விட்டிட்டு என்னட்டை வா என்று நச்சரிக்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

“வேறை ஒருத்தி இருந்தால் நான் போறன். இல்லாட்டி…” என்று நிறுத்தினார்.

“இல்லாட்டி என்ன செய்வீர், தங்கச்சி?” என்றேன் நான்.

“நீங்கள் எண்டால் என்ன செய்வியள், அண்ணை?”

யாழ்ப்பாணத்தில் துப்பறிவதில் இதுதான் கஷ்டம். இங்கே கேள்விக்குப் பதில் இன்னொரு கேள்வி. எங்கே போறியள் என்றால் ‘உதிலை’ என்பார்கள். எப்ப வந்தனீங்கள் என்றால் ‘ஏன், தெரியாதோ?’ என்பார்கள். இந்தத் தொழிலுக்கு வந்து இத்தனை வருடத்தில், ஒரு மனிதர்கூட எனக்கு நேரான பதில் ஒன்று சொன்னதில்லை. ஞானஸ்நானத்தில் என் பெயரைக் கேட்டபோது தகப்பனார் ‘ஏன் ஃபாதர்?’ என்று கேட்டதாகக்கூட ஒரு கதை உண்டு.

*

“அந்த மெட்டு நொண்டினது,” என்றார் ரீச்சர், அடுத்தநாள் காலை அலுவலகத்தில். “எல்லாப் பாண் ஓட்டோவும் ஒரே மெட்டுத்தான். ஆனால் எல்லாம் ஒரே மாதிரி நொண்டாது. அந்த நொண்டலைப் பிடிச்சால் ஆளைப் பிடிக்கலாம். பாடும்.”

“ஆர், நானோ?”

“பானைக்குப் பக்கத்திலை நிண்டது நீர்தானே.”

கோயில் பாடகர் குழுவிலிருந்து ‘சுகயீனம் காரணமாக’ விலக்கப்பட்டவன் நான். சுகயீனம் கேட்டவர்களுக்கு. இருந்தாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு, நன்றாக ஏறி, நடுவில் மூச்சு வாங்கி, கடைசியில் இழுத்தேன். கீழே தையல் மெஷின்கள் நின்றன. ரீச்சர் அதைத் தன் தொலைபேசியில் பதிந்து, பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். குடாநாட்டில் ரீச்சரிடம் அடி வாங்காத ஊரே கிடையாது. ஆகவே அந்தக் குழுவும் எல்லா ஊரையும் தழுவியது. ‘பிள்ளைகள், இந்தப் பாண் ஓட்டோ எந்த ஊர்?’ என்று கீழே எழுதினார்.

பதில்கள் வந்து குவிந்தன.

‘ஏன் ரீச்சர்?’

‘ஆர் ரீச்சர் அழுறது?’

‘ரீச்சர், மாடு கண்டு போடுதோ?’

‘அங்கிளை ஆஸ்பத்திரிக்குக் காட்டினீங்களோ ரீச்சர்?’

நான் மனம் உடைந்து தேத்தண்ணி ஊற்றப் போனேன். திரும்பி வந்தபோது ரீச்சர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

“பதில் வந்திட்டுது. வல்வெட்டித்துறை,” என்றார்.

வாங்கிப் பார்த்தேன். றஜனி என்ற ஒரு பழைய மாணவி எழுதியிருந்தார்: ‘ஏன் ரீச்சர், சண்முகநாதன் அண்ணையின்ரை ஓட்டோவுக்கு என்ன நடந்தது? திரும்பவும் நாய் கடிச்சிட்டுதோ?’

“இது கேள்வியெல்லோ ரீச்சர்?”

“எங்கடை சனம் பதிலைக் கேள்விக்குள்ளைதான் வைச்சுத் தரும், நாயகம். உரிச்சு எடுக்க வேணும்.”

*

ரீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வல்வெட்டித்துறைக்குப் போவது என்பது, கும்பிட்டுக்கொண்டே போவது. கடற்கரை வீதியில் சண்முகநாதனைப் பிடித்தோம். நரைத்த மீசை, தலையில் தொப்பி. ஓட்டோவின் பின்பக்கக் கண்ணாடிப் பெட்டிக்குள் பாண், சீனிப் பணிஸ், மீன் வைத்த மாலு பணிஸ், கேக் துண்டுகள். மேலே ஒலிபெருக்கி, வயரில் பல் பதிந்த அடையாளம். மெட்டு வந்தது. ஏறியது, மூச்சு வாங்கியது, இழுத்தது. எனக்குப் புல்லரித்தது. என் குரலே போலிருந்தது.

“உங்கை ஒரு வீட்டிலை லண்டன்காரர் ஒருத்தர் இருக்கிறாரோ?” என்றேன்.

“பாண் வேணுமோ, பணிஸ் வேணுமோ?” என்றார் அவர்.

ஒரு பாண் வாங்கினேன்.

“எந்த வீட்டிலை இல்லை லண்டன்காரர்?” என்றார். பாண் அந்தப் பதிலோடு முடிந்தது.

மாலு பணிஸ் வாங்கினேன். “இப்ப இஞ்சை நிக்கிற லண்டன்காரர்.”

“ஏன், ஆரும் வந்தவையோ?”

இப்படியே போய் நான் கேக்கிலும் கைவைத்தபின், ரீச்சர் பொறுமை இழந்தார். “சண்முகநாதன், உம்மட்டைப் பணிஸ் வாங்குறவையிலை விசர்த்தனமா உடுப்புப் போடுறவர் ஆர்?”

சண்முகநாதனின் முகம் மலர்ந்தது. அவர் கதைக்க விரும்பிய விஷயத்தை யாரோ கடைசியில் கேட்டுவிட்டார்கள்.

“கோட்டுக்காரர்!” என்றார். “தம்பிஐயா வீட்டிலை ரீச்சர். உந்த வெயிலுக்கை, பஞ்சு வைச்ச குளிர்க் கோட்டும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு பணிஸ் வாங்க வருவர். ஆனால் படலைக்கு வெளியாலை ஒரு அடி வைக்கமாட்டார். உள்ளுக்கு நிண்டு கையை மட்டும் நீட்டுவர். இன்னொரு விசித்திரம், சில நாள் மெலிஞ்சிருப்பர், சில நாள் கொழுத்திருப்பர்.”

“ஒரே ஆளோ?” என்றார் ரீச்சர்.

“ஒரே கோட்டு, ஒரே தொப்பி, ஒரே கறுப்புக் கண்ணாடி. வேறை ஆர்? வெயிலுக்கு வத்திப் பேந்து ஊதுறாராக்கும்.”

“விஞ்ஞானப்படி சரிதான்,” என்றேன், கேக்கைக் கடித்துக்கொண்டு. ரீச்சரின் ஒரு புருவம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது. பரீட்சைத் தாள்களில் இரண்டு பேருக்கு ஒரே பிழை வந்தால் போகிற புருவம் அது.

*

திட்டம் எளிமையானது. அன்று பின்னேரம், வழக்கமாக லக்ஷன் வீட்டுக்குக் கதைக்கிற நேரத்தில், பக்கத்து வீட்டுத் தொலைபேசியிலிருந்து அழைப்பதாகக் கீர்த்திகாவைக் கொண்டு அவருக்குச் சொல்லி வைத்தோம். அதே நேரம் தம்பிஐயா வீட்டு வாசலில் பாண் ஓட்டோ நிற்கும். ஓட்டுவது நான். சண்முகநாதனின் தொப்பி என் தலையில். சண்முகநாதன் ரீச்சரின் ஸ்கூட்டரில் பின்னால், முகத்தில் என்னுடைய பழைய பயத்தோடு.

உயர்ந்த மதில், புது இரும்புப் படலை. நான் ஓட்டோவை நிறுத்தினேன். மெட்டு நிற்கவில்லை. எந்தப் பொத்தானை அமத்தியும் பயனில்லை. நொண்டி நொண்டிப் பாடிக்கொண்டே இருந்தது.

படலை படீரென்று திறந்தது. பஞ்சுக் கோட்டு, கம்பளித் தொப்பி. மெலிந்த நாள்.

“அண்ணை, உதை நிப்பாட்டுங்கோ! எனக்கு இப்ப முக்கியமான கோல் ஒண்டு வரும்!”

கண்ணாடி போடாத முகம். நேற்றுக் கூழுக்குள் இறங்கிய அதே முகம். மீசையில் வேர்வை.

“தம்பி லக்ஷன், குளிருதோ?” என்றேன்.

அவர் சிலையானார். ஓட்டோவின் பின்னாலிருந்து ரீச்சர் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“நீங்கள் ஆர்?”

“கீர்த்திகா அனுப்பின ஆக்கள்,” என்றார் ரீச்சர். “நீர் இப்ப எங்கை நிக்கிறீர், தம்பி?”

“லண்டனிலை,” என்றார் லக்ஷன்.

நான் சுற்றிப் பார்த்தேன். மதிலில் ஒரு காகம். தூரத்தில் படகொன்றின் இயந்திரச் சத்தம்.

“இது?”

“இதுவும் லண்டன்தான், அண்ணை.” அழாக்குறையாகச் சொன்னார். “விசாப்படி.”

பிறகு, படலைக்கு உள்ளே நின்றபடியே, கால் எல்லையைத் தாண்டாமல், கதையைக் கொட்டினார். மழைக்காலத் தொடக்கத்தில் முதலாளி செல்வரட்ணத்தின் தகப்பனுக்குச் சுகமில்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள என்று லக்ஷனைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்த அன்றே வீட்டுக்கு ஓட ஆசைப்பட்ட லக்ஷனை முதலாளி நிறுத்தினார்.

“அவர் விளங்கப்படுத்தினவர், அண்ணை. என்ரை விசா முதியோர் இல்லத்திலை வேலை செய்யிறதுக்கு. அவற்றை அப்பா முதியவர். ஆனபடியால் அப்பா இருக்கிற இடம் இல்லத்தின்ரை கிளை. இந்த மதிலுக்குள்ளை நிண்டால் நான் லண்டனிலை வேலையிலை நிக்கிறன் எண்டு கணக்கு. படலையைத் தாண்டினால் லீவு. அவருக்குச் சொல்லாமல் லீவு எடுத்தால், அவர் அங்கை அறிவிக்க வேணும். அறிவிச்சால் விசா போச்சு. பாஸ்போட்டும் அவரிட்டைத்தான். ஆருக்கும் மூச்சு விடக்கூடாது எண்டவர்.”

“பெண்சாதிக்குமோ?” என்றார் ரீச்சர்.

“அவவுக்குச் சொன்னால் அவ ஓடி வருவா. வந்தால் ஒழுங்கை முழுக்கத் தெரியும்.” அவர் குரல் தாழ்ந்தது. “அண்ணை, அரியாலை இதிலையிருந்து பஸ்சிலை போற தூரம். விடியப்புறம் அந்த பஸ் போற சத்தம் கேக்கும். அந்த விசாவுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு பஸ்சுக்காக அதை விடேலுமோ?”

நான் நினைத்திருந்தது லண்டனில் ஒரு மஞ்சள் மயிர்க்காரி. கிடைத்தது வல்வெட்டித்துறையில் தன் வீட்டு பஸ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கோட்டுக்குள் வேகிற ஒரு மனிதன். அவருக்கு ஒரு சீனிப் பணிஸ் கொடுத்தேன். வேறென்ன செய்ய, கையில் இருந்தது அதுதான்.

அப்போதுதான் மேல்மாடி யன்னலிலிருந்து ஒரு பெரிய குரல் வந்தது. “ஓமோம்! இஞ்சை ஒரே ஸ்னோ! கதவு திறக்கேலாமல் கிடக்கு! அதுதான் இந்தமுறை தேருக்கு வரேலாது ஐயா!”

“உது ஆர்?” என்றார் ரீச்சர்.

“ஒருத்தரும் இல்லை,” என்றார் லக்ஷன்.

“இல்லாதவர் நல்ல உரப்பாக் கதைக்கிறார்.” ரீச்சர் நிமிர்ந்தார். அந்தக் காலத்தில் மூன்று வகுப்பறைகளைத் தாண்டிக் கேட்ட குரலை எடுத்தார். “செல்வரட்ணம்! கீழை இறங்கி வாரும்!”

அடுத்த நிமிடம் படியில் தடதடவென்று சத்தம். பஞ்சுக் கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, கொழுத்த நாள் இறங்கி வந்தது. மெலிந்த நாளும் கொழுத்த நாளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. சண்முகநாதன் நெஞ்சில் கைவைத்து, “ரெண்டு கோட்டு!” என்றார். அவருடைய விஞ்ஞானம் அங்கே முடிந்தது.

“நீங்கள் ஆர், என்ன விசயம்?” என்றார் செல்வரட்ணம், மூச்சு வாங்கிக்கொண்டு.

“உங்கடை முதியோர் இல்லம் இப்ப நடக்குதோ?” என்றேன் நான்.

“ஏன், ஆரையும் சேர்க்கப் போறியளோ?”

பார்த்தீர்களா.

“அங்கை பெயின்ற் அடிக்கினம்,” என்று லக்ஷன் முதலாளிக்காகப் பதில் சொன்னார். “முடியத் திரும்பப் போறம். முதலாளி ஐயாவும் அதுவரைக்கும் லீவிலை வந்து நிக்கிறார். கோயில்காரர் காசுக்குப் பிடிப்பினம் எண்டு ஒளிச்சு நிக்கிறார்.”

ரீச்சர் ஓட்டோவுக்குப் போனார். ஒலிபெருக்கியின் வயரைப் பிடித்து இழுத்தார். நாய் தொடங்கிய வேலையை ரீச்சர் முடித்தார். மெட்டு நின்றதும் காற்றே நின்றதுபோலிருந்தது.

“நான் கணக்கு ரீச்சர்,” என்றார். “ஒரு சின்னக் கணக்கு. முதலாளி மழைக்காலம் தொடங்கி இஞ்சை. வேலை செய்யிறவரும் இஞ்சை. அப்ப லண்டனிலை இருக்கிற அந்த வயசாளிகளுக்குச் சோறு தீத்திறது ஆர்? பெயின்ற் அடிக்கிறவையோ?”

லக்ஷன் பணிசைக் கடித்த வாயோடு முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதமாக அந்தக் கேள்வி அவருக்கு வரவேயில்லை. மதிலுக்குள் இருந்தால் வெளியே உள்ளது தெரியாதுதானே.

“அது பாருங்கோ…” என்றார் செல்வரட்ணம். “அது ஒரு நீண்ட கதை… சட்டம் மாறிப்போச்சு… இப்ப அங்கை முந்தி மாதிரி இல்லை…”

“பூட்டியாச்சு, பிள்ளை,” என்றது விறாந்தையிலிருந்து ஒரு குரல்.

சில்லு வைத்த கதிரையில் தம்பிஐயா. செல்வரட்ணத்தின் தகப்பன், வயது எண்பத்தேழு, கப்பலில் உலகம் சுற்றியவர். மடியில் பாதி உரித்த வாழைப்பழம்.

“மழைக்கு முதலே பூட்டியாச்சு. ஆள் எடுக்கிற உரிமையையும் பறிச்சுப்போட்டாங்கள். பெடியன்ரை விசாவும் அதோடை சரி. நான் இவனுக்கு ஒவ்வொரு நாளும் சொன்னனான், பெடியனுக்குச் சொல்லு, சொல்லு எண்டு.”

அந்த நேரான பதிலும் ரீச்சருக்குத்தான் சொல்லப்பட்டது, எனக்கல்ல.

செல்வரட்ணம் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். தொப்பிக்குக் கீழே ஒரு சின்ன, களைத்த தலை. “எப்பிடிச் சொல்லுறது? ஊர் முழுக்க நான் லண்டன் செல்வரட்ணம். இவனுக்குச் சொன்னால் இவன் வீட்டை போயிடுவான். போனால் நானும் அப்பாவும்தான். எனக்கு அப்பாவைத் தூக்கவும் தெரியாது, ஒரு சோறு காய்ச்சவும் தெரியாது. இண்டைக்குச் சொல்லுவம், நாளைக்குச் சொல்லுவம் எண்டு…”

லக்ஷன் மெதுவாகக் கேட்டார். “அப்ப நான் இத்தினை நாளும் ஆற்றை விசாவிலை வல்வெட்டித்துறையிலை நிண்டனான்?”

ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூட.

செல்வரட்ணம் கோட்டின் உள்பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து நீட்டினார். அதில் வேர்வை ஊறியிருந்தது. ரீச்சர் அதை வாங்கி, துடைத்து, லக்ஷனிடம் கொடுத்தார். “நாளைக்குக் காலமை அரியாலைக்கு வந்து, ஏன் அவவின்ரை புருசனை ஒளிச்சு வைச்சனீர் எண்டு நீரே அந்தப் பிள்ளைக்கு நேரை சொல்ல வேணும்,” என்றார் செல்வரட்ணத்திடம். “கோட்டுப் போடாமல் வாரும்.”

லக்ஷன் படலைக்கு வந்தார். ஒரு காலை வெளியே வைத்தார். எடுத்தார். குளத்தில் ஆழம் பார்ப்பதுபோல் மறுபடி வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. காகம்கூட அசையவில்லை. மற்றக் காலையும் வைத்தார்.

“போட்டு வாறன் ஐயா,” என்றார் தம்பிஐயாவைத் திரும்பிப் பார்த்து. “பின்னேரக் குளிசை அலுமாரியிலை, நீல மூடி.”

*

ஸ்கூட்டரில் மூன்று பேர் போக ரீச்சர் சம்மதிக்கவில்லை. ஆகவே லக்ஷன் லண்டனிலிருந்து பாண் ஓட்டோவில் வீட்டுக்கு வந்தார். சண்முகநாதன் ஓட்டினார், பக்கத்தில் நான். பின்னால் கண்ணாடிப் பெட்டியை ஒரு பக்கம் திறந்து, பணிஸ்களுக்கு நடுவில், அதே கோட்டோடு லக்ஷன் குந்தியிருந்தார். கழற்றச் சொன்னால், பேந்து கழட்டுறன் என்றார்.

வழியில் சண்முகநாதன் மனம் பொறுக்காமல் வயரைக் கொழுவிவிட்டார். வாடிக்கையாளர் இல்லாத ஊராக இருந்தாலும் மெட்டில்லாமல் ஓட அவருக்குக் கூச்சமாம். அரியாலை ஒழுங்கைக்குள் நாங்கள் நொண்டிக்கொண்டே நுழைந்தபோது, வீட்டுக்கு வீடு ஆட்கள் பையோடு வந்து நின்றார்கள். முதல் வந்த அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “ரெண்டு பாண்…” என்று தொடங்கி, “லக்ஷன்! எப்ப வந்தனீர்?” என்று முடித்தார்.

“நீங்கள் பாணை எடுங்கோ அக்கா,” என்றார் லக்ஷன்.

கீர்த்திகா படலையில் நின்றார். ரீச்சர் முன்னமே வந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தார் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. அழுது முடித்த முகம். கோபம் இன்னும் முடியாத முகம். லக்ஷன் இறங்கி, பணிஸ் சீனி ஒட்டிய கோட்டோடு, படலைக்கு இந்தப் பக்கம் நின்றார். மறுபடியும் ஒரு படலை. இம்முறை வெளிப்பக்கம்.

“இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீங்கள்?” என்றார் கீர்த்திகா.

“லண்ட…” என்று தொடங்கிய லக்ஷன் நிறுத்தினார். விழுங்கினார். “வல்வெட்டித்துறையிலை.”

“ஆரோடை?”

“எண்பத்தேழு வயசுக் கிழவனோடை.”

ஒழுங்கையே மூச்சை அடக்கிக்கொண்டு பாண் வாங்கியது. விசா போய்விட்டது, வேலை போய்விட்டது, சொல்ல ஒரு ஊர்ப் பெயர்கூட இல்லை என்று லக்ஷன் சொல்ல நினைத்திருப்பார். மீசையில் வேர்வை வடிந்தது. துடைக்கவும் இல்லை. கீர்த்திகா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யாராவது கேட்கத்தான் வேண்டும். ரீச்சர் என்னைப் பார்த்தார். என்னிடம் கேள்விகளைத் தவிர வேறு எதுவும் எப்போதும் இருந்ததில்லை.

“தங்கச்சி,” என்றேன். “கூழுக்கை விழுத்தினவன்தான் கேக்கிறன். இந்த மனுசனை உள்ளை எடுக்கிறீரோ, இல்லையோ?”

‘நீங்கள் எண்டால் என்ன செய்வியள்’ என்று வரும் என எதிர்பார்த்து, பதிலை யோசித்து வைத்துக்கொண்டும் நின்றேன். கீர்த்திகா படலையின் கொளுக்கியைக் கழற்றினார்.

“ஓம், அண்ணை. எடுக்கிறன்,” என்றார். “அந்தக் கோட்டை மட்டும் வெளியாலை கழட்டிப்போட்டு வரச் சொல்லுங்கோ.”